நம் பள்ளிக்கு வந்த கினிப்பன்றிகளும் நாம் கொண்ட கவலைகளும்

வாயில்லாச் சீவன்களை வளர்ப்பது தோட்டத்து மக்களுக்குப் புதிதன்று. லயன் வீடுகளின் பின்புறத்தில் மாட்டுக்கொட்டகையும் கோழிக்கூண்டும் இருந்ததை நம் முதியோர் அனைவரும் அறிவர். மாட்டுக்கு வயிறு உப்பினால் செய்ய வேண்டுவது யாது, கோழிக்குச் சீக்குக் கண்டால் எதனைப் பிரித்து வைப்பது என்பனவெல்லாம் கேள்வியறிவாலேயே நமக்கு வந்து சேர்ந்தவை. ஆயினும், இவ்வாண்டின் தொடக்கத்தில் நம் பள்ளி அறிவியல் கழகத்திற்கு இரண்டு கினிப்பன்றிகள் வந்தபோது, அக்கேள்வியறிவு நமக்குக் கைகொடுக்கவில்லை. அஞ்ச வேண்டாதவற்றுக்கெல்லாம் அஞ்சினோம். அஞ்ச வேண்டிய ஒன்றைக் கண்முன் வைத்துக்கொண்டே காணத் தவறினோம். அது எவ்வாறு நேர்ந்தது என்பதை, இப்பிராணியைப் புதிதாக வளர்க்க எண்ணும் மாணவர்களுக்கும் பெற்றோர்க்கும் பயன்படும் என்னும் எண்ணத்தால் இங்கு எழுதுகிறோம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். கினிப்பன்றி பன்றி இனமன்று. எலி, அணில், முள்ளம்பன்றி ஆகியவற்றைப் போன்று கொறித்துண்ணும் இனத்தைச் சேர்ந்தது. (நம் செம்பனைக் காட்டில் திரியும் முள்ளம்பன்றியும் பன்றியன்று என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்க.) கினி என்னும் ஆப்பிரிக்க நாட்டிற்கும் இதற்கும் தொடர்பில்லை. மலாய் மொழியில் இதனைத் 'திக்குஸ் பெலண்டா', அதாவது ஒல்லாந்து எலி என்பர். ஒல்லாந்தும் இதன் தாயகமன்று. தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதியில், இன்று பெரு, பொலிவியா, எக்குவடோர் என வழங்கும் நாடுகளில், ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் இதனை இறைச்சிக்காக வீட்டில் வளர்த்து வந்தனர், இன்றும் வளர்க்கின்றனர். குளிர்ந்த மலையில் புல் தின்று வாழ்ந்த பிராணி இது. பருந்துக்கும் நரிக்கும் இரையாகி வந்த பிராணியும் ஆகும். இவ்விரண்டையும் மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னர்க் கூறப்போவன யாவும் எளிதில் விளங்கும்.

நம்மிடம் வந்தவை இரண்டும் ஓரீற்றில் பிறந்த பெண் குட்டிகள். பட்டணத்தில் வாழ்ந்த குடும்பம் ஒன்று வேறு மாநிலத்திற்குக் குடிபெயர்ந்ததால், ஒரு கம்பிக்கூண்டுடனும் அரை மூட்டை முயல் தீனியுடனும் அவற்றை நம்மிடம் ஒப்படைத்தது. முயலைப் போல வளர்த்தால் போதும் என்று கூறினர், நாமும் நம்பினோம். கறுப்பு நிறமுடையதற்கு மிளகு என்றும், வெண்மையும் பழுப்பும் கலந்ததற்கு முத்து என்றும் மாணவர்கள் பெயரிட்டனர்.

மூன்றாம் நாள் காலை, நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி மூச்சிரைக்க ஓடிவந்து, "ஐயா, மிளகு கண்ணுல பால் வடியுது!" என்றாள். சென்று பார்த்தோம். உண்மையே, இரு கண்களின் ஓரத்திலும் வெண்ணிற நீர் திரண்டு நின்றது. கண்ணோய் என்று அஞ்சிப் பஞ்சும் வெந்நீரும் தேடினோம். நாம் திரும்பி வருவதற்குள் மிளகு தன் முன்னங்கால்களால் அந்நீரை எடுத்து முகமெங்கும் தடவித் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடவாதது போல் அமர்ந்திருந்தது. அது நோயன்று, முகம் கழுவுவதற்காகக் கினிப்பன்றியின் கண்ணில் இயற்கையாகச் சுரக்கும் நீர் என்பதைப் பிறகே அறிந்தோம். கண் ஓயாது ஒழுகினாலும், பொருக்குக் கட்டினாலும், ஒரு கண் மூடியே இருந்தாலும் அது வேறு. அப்போது மருத்துவரிடம் செல்ல வேண்டும். சிற்சில வேளைகளில் இரு கண்களிலும் வந்து உடனே மறையும் வெண்ணீருக்கு அஞ்ச வேண்டா.

அடுத்த வாரம் வேறொரு கலக்கம். முத்து தன் பின்புறத்தில் வாய் வைத்துத் தன் எச்சத்தையே தின்றதை மாணவர்கள் கண்டுவிட்டனர். முகம் சுளித்தவர் பலர். பசியால் தின்கிறது என்று இரக்கப்பட்டவர் சிலர். இதுவும் இயற்கையே. புல்லில் உள்ள நார் ஒருமுறை குடலில் சென்று வருவதால் முழுமையாகச் செரிப்பதில்லை. கினிப்பன்றியின் பெருங்குடல் தொடங்கும் இடத்தில் ஒரு பெரிய பை உள்ளது. அதில் வாழும் நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைத்துச் சத்துகளை உண்டாக்குகின்றன. அச்சத்து நிறைந்த மென்மையான எச்சத்தை அது மீண்டும் உண்டு பயன்பெறுகிறது. மாடு அசை போடுவதை நாம் அருவருப்பதில்லை அல்லவா? இதுவும் அதனை ஒத்ததே.

மற்றொரு நாள் மாலை, மிளகு நின்ற நிலையிலேயே நாற்காலும் நிலத்தில் படாமல் மேலெழும்பி, உடலை முறுக்கி, தலையை உதறிக் குதித்தது. ஒருமுறையன்று, நான்கைந்து முறை. காக்காய் வலிப்பு என்று துப்புரவுப் பணியாளர் அம்மாள் கூறினார். இரும்புச் சாவியைக் கையில் கொடுக்கலாமா என்றும் வினவினார். உண்மையில் அது மகிழ்ச்சித் துள்ளல். இளம் கினிப்பன்றிகள் மனநிறைவோடிருக்கும்போது அவ்வாறு துள்ளும். காதின் பின்புறத்தில் மயிரில்லாத வழுக்கை இடத்தைக் கண்டு சொறி என்று எண்ணியதும், கூண்டில் விரித்த துணியில் சிறுநீர் வெண்மையாகக் காய்ந்திருந்ததைக் கண்டு நடுங்கியதும் இத்தகையனவே. அவ்வழுக்கை எல்லாக் கினிப்பன்றிக்கும் உண்டு. சிறுநீரில் வெளியேறும் சுண்ணாம்புச் சத்தே அவ்வெண்மை. தொட்டுப் பார்த்தால் மணல் போல் நெருடினாலோ, சிறுநீர் கழிக்கும்போது அது கீச்சிட்டு அழுதாலோ, சிவப்பு நிறம் கண்டாலோதான் மூத்திரப்பையில் கல் இருக்குமோ என ஐயுற வேண்டும்.

இவ்வாறு மிளகைச் சுற்றியே நம் கவலைகளெல்லாம் வளர்ந்துகொண்டிருந்தபோது, முத்துவைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அது துள்ளாது, கூச்சலிடாது, கையை நீட்டினால் ஓடாது. "முத்துதான் நல்ல பிள்ளை" என்று நாமே மாணவர்களிடம் கூறியிருக்கிறோம். இப்போது எண்ணினால் வெட்கமாக இருக்கிறது.

மூன்று வாரங்கள் கழிந்த நிலையில், கூண்டைத் துப்புரவு செய்வதற்காக முத்துவைத் தூக்கிய மாணவன், அது வீறிட்டு அலறியதைக் கேட்டுப் பதறிக் கீழே வைத்துவிட்டான். அப்போதுதான் உற்று நோக்கினோம். மயிர் சிலிர்த்து முரடாகியிருந்தது. முதுகு கூனியிருந்தது. நடந்தபோது பின்னங்காலை இழுத்தாற்போல் வைத்தது. தீனியைக் கவ்வும், மென்று பார்த்துக் கீழே போட்டுவிடும். கால் சுளுக்கு என்றார் ஒருவர். மறுநாள் பெற்றோர் ஒருவர், தம் மகனின் தொண்டைப் புண்ணுக்கு வாங்கியதில் மிச்சமிருந்த மாத்திரைக் குப்பிகளை அன்போடு கொண்டுவந்து, ஒன்றைப் பிரித்துத் தண்ணீரில் கலந்து புகட்டலாம் என்றார். நல்லது என்று வாங்கி மேசையில் வைத்தோம். அன்று மாலை ஆசிரியர் கூட்டம் இருந்தமையால், நாளை பார்த்துக்கொள்ளலாம் என விட்டுவிட்டோம். நம் சோம்பல் ஓர் உயிரைக் காத்தது என்று சொல்ல நேர்ந்தது அந்த ஒரு தடவைதான். அதன் காரணத்தைப் பின்னர்க் கூறுவோம்.

மறுநாள் சனிக்கிழமை. இரண்டு பிராணிகளையும் ஓர் அட்டைப்பெட்டியில் வைத்துப் பட்டணத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். அவ்வம்மையார் மலாய் மொழியில் இரண்டே வினாக்களை எழுப்பினார். என்ன உணவு கொடுக்கிறீர்கள் என்பது முதல் வினா. முயல் தீனி, வெள்ளரிக்காய், வெளிர்நிறச் சலாட்டுக் கீரை என்று விடையளித்தோம். வந்த நாளில் எடை எவ்வளவு, இப்போது எவ்வளவு என்பது இரண்டாம் வினா. அதற்கு நம்மிடம் விடையில்லை.

அவரே நிறுத்துப் பார்த்தார். மிளகு 810 கிராம். அதனுடன் பிறந்த முத்து 590 கிராம். முத்துவின் முழங்கால் மூட்டுகள் வீங்கியிருந்தன. வாயைத் திறந்து ஈறுகளையும் பற்களையும் பார்த்தபின், இது ஸ்கர்வி என்றார். பாய்மரக் கப்பல் காலத்தில் மாதக்கணக்கில் காய்கனி காணாது கடலோடியவர்களைக் கொன்ற அதே நோய்! உயிர்ச்சத்து சி குறைவதால் உண்டாவது. அச்சத்து இன்றேல் உடலின் இணைப்புத் திசு உறுதியிழக்கும், ஈறு கசியும், மூட்டினுள் குருதி கசிந்து வலிக்கும், புண் ஆறாது.

நாய், பூனை, மாடு, ஆடு, எலி, முயல் ஆகியவை உயிர்ச்சத்து சியைத் தம் உடலிலேயே உண்டாக்கிக்கொள்கின்றன. ஆகவேதான் முயல் தீனியில் அச்சத்தைச் சேர்ப்பதில்லை. மனிதனும் குரங்கும் அதனை உண்டாக்க இயலாதவை. கினிப்பன்றியும் அவ்வாறே. முயலைப் போல வளர்த்தால் போதும் என்ற சொல்லில் இருந்த பிழை இதுதான். நாள்தோறும் அதன் உடல் எடையில் ஒரு கிலோவிற்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை உணவின் வழியாகக் கிடைத்தாக வேண்டும். கிடைக்காவிடில் இரண்டு மூன்று வாரங்களிலேயே நோய் தலைகாட்டும். நம் முத்துவிற்கும் அதே கணக்குத்தான்.

அவ்வாறாயின், அதே கூண்டில் அதே தீனி தின்ற மிளகு நோயுறாதது ஏன்? இவ்வினாவிற்கு விடை கண்டவர்கள் ஆறாம் ஆண்டு மாணவர்கள். பள்ளித் தோட்டத்துக் கொய்யா மரத்திலிருந்து விழும் பழங்களை அவர்கள் ஓய்வு நேரத்தில் கூண்டுக்குள் போட்டு வந்திருக்கின்றனர். துணிவுள்ள மிளகு ஓடிவந்து பறித்துக்கொள்ளும். சாதுவான முத்து மூலையில் நிற்கும். நாம் போட்டது இருவருக்கும். தின்றது ஒன்று மட்டுமே. 100 கிராம் கொய்யாப்பழத்தில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் உயிர்ச்சத்து சி உண்டு. அதே எடையுள்ள ஆரஞ்சில் 50 மில்லிகிராம் அளவே உள்ளது. நாம் வாங்கிக் கொடுத்த வெள்ளரிக்காயிலோ 3 மில்லிகிராமுக்குமேல் இல்லை. காசு கொடுத்து வாங்கியது உதவவில்லை. மரத்தடியில் விழுந்து கிடந்தது உதவிற்று.

இவ்விடத்தில் வரலாற்றுச் செய்தி ஒன்றைக் கூறாமல் மேற்செல்ல மனமில்லை. நூறாண்டுகட்கு முன்னர் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் பல்லாயிரவரைப் பலிகொண்டது. 1905-ஆம் ஆண்டில் கோலாலம்பூர் மனநல விடுதியில் பிளெட்சர் என்ற மருத்துவர், ஒரு சாராருக்குத் தீட்டிய பச்சரிசியும் மற்றொரு சாராருக்குப் புழுங்கலரிசியும் கொடுத்து ஆராய்ந்தார். தீட்டிய அரிசி உண்டோரிடையேதான் நோய் பரவியது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவரும், புழுங்கலரிசி உண்ணும் தமிழரிடையே இந்நோய் அரிதாயிருப்பதை எடுத்துக்காட்டினார். நம் முன்னோர் எவரும் சொல்லிக்கொடுக்காமலே உண்ட சோறு அவர்களைக் காத்தது. அக்காலத்தில் நோர்வே நாட்டுக் கப்பலோட்டிகளையும் இத்தகைய நோயொன்று வருத்திற்று. அதனை ஆராய எண்ணிய ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்னும் இருவர், கினிப்பன்றிகளுக்குத் தானியமும் ரொட்டியும் மட்டுமே கொடுத்துப் பார்த்தனர். பெரிபெரியை எதிர்பார்த்தவர்களுக்குக் கிடைத்தது ஸ்கர்வி! புதிய காய்கறி கொடுத்தவுடன் பிராணிகள் தேறின. 1907-இல் அவர்கள் இதனை வெளியிட்டனர். அதன் பின்னரே, எந்த உணவில் இச்சத்து உள்ளது என்பதைக் கினிப்பன்றியைக் கொண்டு அளந்தறிய முடிந்தது. 1932-இல் ஹங்கேரிய அறிஞர் செண்ட் ஜியோர்ஜி தாம் முன்பு பிரித்தெடுத்த பொருளே உயிர்ச்சத்து சி என்று மெய்ப்பித்ததும் கினிப்பன்றிகளின் துணையால்தான். 1937-இல் அவர் நோபல் பரிசு பெற்றார். கினிப்பன்றிகள் பெற்றது யாதுமில்லை. அவற்றின் நோயால் நாம் அறிந்ததை அவற்றுக்கே பயன்படுத்தத் தெரியாமல் முத்துவை வாட்டியது நமக்கு இரட்டிப்பு வருத்தத்தைத் தந்தது.

மருத்துவர் உயிர்ச்சத்து நீர்மருந்தையும், ஊசியில்லாத பீச்சுகுழல் ஒன்றையும் கொடுத்தார். வாயின் பக்கவாட்டில் சிறிது சிறிதாகப் புகட்டுமாறு செய்து காட்டினார். நேராகத் தொண்டைக்குள் பீச்சினால் மூச்சுக்குழலில் சென்றுவிடும். ஊறவைத்துக் கரைத்த தீனியையும் அவ்வாறே நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறை ஊட்டச் சொன்னார். காரணம், கினிப்பன்றியின் குடல் ஓயாமல் இயங்க வேண்டியது. ஒரு நாள் முழுவதும் உணவு இறங்காவிடில் குடல் நின்றுவிடும். பிறகு காப்பது அரிது. ஆகையால், 'இன்று தின்னவில்லை, நாளை தின்னும்' என்று காத்திருத்தல் கூடாது. நாய்க்கு அது பொருந்தலாம், கினிப்பன்றிக்குப் பொருந்தாது. ஆசிரியர் இருவரும் தோட்டத்துத் தாய்மார் ஒருவரும் முறைவைத்து இரவிலும் ஊட்டினோம். நான்காம் நாள் முத்து தானாகப் புல்லைக் கவ்வியது.

மேசையில் வைத்த மாத்திரைக் குப்பிகளையும் மருத்துவரிடம் காட்டியிருந்தோம். அவர் முகம் மாறியது. பெனிசிலின், அம்பிசிலின், அமோக்சிசிலின் ஆகியவை மனிதருக்கு நன்மருந்துகள். கினிப்பன்றிக்கு வாய்வழி கொடுத்தால், நாரைச் செரிக்கச் செய்யும் நல்ல நுண்ணுயிர்களை அவை அழித்துவிடும். நஞ்சு சுரக்கும் தீய நுண்ணுயிர்கள் பெருகும். சில நாட்களில் வயிற்றுப்போக்குக் கண்டு பிராணி இறக்கும். கினிப்பன்றிக்குத் தீங்கு செய்யாத வேறு மருந்துகள் உள. அவற்றை மருத்துவரே அளவறிந்து கொடுப்பார். பெற்றோர்களே, வீட்டில் மிஞ்சிய மருந்தை இப்பிராணிக்கு ஒருபோதும் கொடாதீர்கள். குப்பிகளைக் கொண்டுவந்த அன்பரிடமும் இதனைக் கூறினோம். அவர் நம்மைவிட மிகுதியாக நடுங்கிப்போனார்.

இனி உணவு. தீனி என்பது துணையுணவுதான், தலையுணவு புல்லே. கினிப்பன்றியின் பற்கள் இருபதும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். நார்மிக்க புல்லை நாள்முழுதும் அரைத்து மென்றால்தான் அவை தேயும். தேயாவிடில் கடைவாய்ப் பற்கள் நீண்டு நாவைக் குத்தி, உண்ண மாட்டாமல் செய்துவிடும். பட்டணத்துக் கடைகளில் வெளிநாட்டு உலர்புல் கிடைக்கிறது, விலை அதிகம். புல்லுக்கா பஞ்சம் நம் தோட்டத்தில் என்று எண்ணி, செம்பனை மரத்தடியில் மாணவர்களை அறுத்துவரச் சொல்ல இருந்தோம். மாடு வளர்த்துப் பழகிய பாட்டி ஒருவர் தடுத்தார்.

"வாத்தியாரையா, பச்சையா இருக்குன்னு அறுத்துடாதீங்க. மருந்தடிச்ச மறுநாளும் புல்லு பச்சையாத்தான் இருக்கும். நாலஞ்சு நாள் கழிச்சுத்தான் காயும். எங்க மாடு ரெண்டு அப்படித்தான் போச்சு. எந்தக் காட்டுல எப்ப அடிச்சாங்கன்னு மண்டோரைக் கேட்டுக்கிட்டு அறுங்க" என்றார்.

இதற்குமேல் எந்த நூலும் நமக்குச் சொல்லித் தரவில்லை. பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டு சனவரி முதல் தடை செய்யப்பட்டது உண்மையே. ஆயினும் கிளைபோசேட் முதலிய வேறு களைக்கொல்லிகள் தெளிக்கப்பட்டே வருகின்றன. அவை தெளித்த சில நாட்கள் வரை புல் வாடாது. ஆகவே, பள்ளித் திடலின் பின்புறத்தில் ஒரு பாத்தி ஒதுக்கி, கினிப்புல்லும் நேப்பியர் புல்லும் நட்டோம். (கினிப்பன்றிக்குக் கினிப்புல் என்று மாணவர்கள் சிரித்தனர்.) சாலையோரப் புல்லும், நாய் நடமாடும் இடத்துப் புல்லும், அறுத்துக் குவித்து ஆவியடித்த புல்லும் ஆகா.

இப்போது நாள்தோறும் கூண்டு நிறையப் புல். ஒரு கைப்பிடி கொத்தமல்லி அல்லது கங்கோங் கீரை. கட்டைவிரல் அளவுக் குடைமிளகாய்த் துண்டு. இனிப்பு மிகுந்தால் வயிறு கெடும் என்பதால் கொய்யா வாரத்தில் இரண்டு மூன்று முறை, சிறு துண்டு மட்டுமே. முருங்கைக்கீரையிலும் உயிர்ச்சத்து சி மிகுதிதான். ஆனால் சுண்ணாம்புச் சத்தும் மிகுதியாகையால், கல் உண்டாகாதிருக்க எப்போதாவது ஓர் இணுக்குப் போதும். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்குத் தளிர், சேம்பிலை, சோறு, ரொட்டி, பால், பிஸ்கட் ஆகியன வேண்டா. கினிப்பன்றிக்கென விற்கும் தீனியில் உயிர்ச்சத்து சி சேர்த்திருப்பர். ஆயினும் நாட்படச் சத்துக் குறையுமாதலால் தயாரித்த நாளைப் பார்த்து வாங்குக. தண்ணீரில் கலந்து வைக்கும் மருந்து விரைவில் வீரியமிழக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொன்றிற்கும் தனித்தனியே கையால் கொடுத்து, தின்றதா எனக் கண்ணால் காண வேண்டும்.

மருத்துவரின் இரண்டாம் வினாவை நாம் மறக்கவில்லை. இரையாகும் பிராணிகள் தம் நோயை வெளியே காட்டமாட்டா. காட்டினால் பருந்து அதனைத்தான் முதலில் குறிவைக்கும். நம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சோர்ந்துவிட்டதென்றால் நோய் முற்றிவிட்டது என்றே பொருள். மறைக்க முடியாதது எடை ஒன்றுதான். சிற்றுண்டிச்சாலையில் மாவு நிறுக்கும் தராசைப் போன்றதொன்றை வாங்கினோம். வெள்ளிக்கிழமைதோறும் காலையில் மாணவர்கள் இரண்டையும் நிறுத்து ஏட்டில் எழுதுகின்றனர். 20, 30 கிராம் ஏறுவதும் இறங்குவதும் இயல்பு. ஒரே வாரத்தில் 50 கிராமுக்குமேல் குறைந்தால் உற்றுக் கவனிக்கிறோம்; மறுவாரமும் குறைந்தால் மருத்துவரிடம் செல்வது என்று முடிவு செய்துள்ளோம். முத்துவின் ஏடு இவ்வாறு தொடங்குகிறது: 590, 585, 610, 645, 670. இரண்டாம் வாரத்தில் ஐந்து கிராம் குறைந்தபோது மாணவி ஒருத்தி அழுதுவிட்டாள்.

வெப்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கினிப்பன்றிக்கு ஏற்றது 18 முதல் 24 பாகை செல்சியஸ். நம் நாட்டிலோ நண்பகலில் 32, 33 பாகை. துத்தநாகத் தகட்டுக் கூரையின்கீழ் அதனினும் கூடுதல். வியர்த்துக் குளிரும் ஆற்றல் அதற்கில்லை. முதலில் கூண்டை வைத்திருந்த பொருள்வைப்பறை பிற்பகலில் அடுப்பாகக் காய்ந்தது. இப்போது காற்றோட்டமுள்ள நூலகத்தின் மூலையில் வைத்துள்ளோம். உறையவைத்த நீர்ப்புட்டியைத் துணியில் சுற்றி உள்ளே வைத்தால் அதன்மீது சாய்ந்து படுத்துக்கொள்கின்றன. வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, எச்சில் ஒழுகி நீட்டிப் படுத்தாலோ, உடனே நிழலுக்குக் கொண்டு சென்று, ஈரத்துணியால் காதையும் பாதத்தையும் துடைத்து, மருத்துவரிடம் விரைக. பனிக்கட்டி நீரில் அமிழ்த்துதல் கூடாது.

பிற நோய்களைச் சுருக்கமாகக் கூறுவோம். கம்பித் தரை பாதத்தைப் புண்ணாக்கும். ஆதலால் செய்தித்தாளும் பருத்தித் துணியும் விரித்தோம். தும்மலும் மூக்கில் பொருக்கும் கண்டால் நெஞ்சுச் சளிக்கு அறிகுறி. முயலோடு ஒரே கூண்டில் வைத்தலாகாது. முயலுக்கு ஊறு செய்யாத கிருமி ஒன்று கினிப்பன்றியின் நுரையீரலைத் தாக்கும். ஓயாது சொறிந்து மயிர் உதிர்ந்தால் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி காரணமாகலாம். புதிதாக மற்றொன்று வந்தால் இரண்டு மூன்று வாரம் தனியறையில் வைத்த பின்னரே சேர்க்க வேண்டும். இரண்டும் பெண் என்று சொல்லி ஆணும் பெண்ணுமாகக் கொடுத்துவிடுவதும் உண்டு; மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்துகொள்க. இல்லையேல் ஏறக்குறைய 68 நாட்களில், கண் திறந்து மயிர் முளைத்த குட்டிகள் கூண்டில் ஓடும்!

பிள்ளைகளுக்கு நோய் ஒட்டுமா எனப் பெற்றோர் பலர் வினவினர். படர்தாமரை ஒட்டக்கூடும், வட்டமாக மயிர் உதிர்ந்த பிராணியைத் தொடுதலாகாது. தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல் நம் கழகத்தின் முதல் விதி. ஆஸ்துமா உள்ள மாணவர்களுக்குக் கூண்டு துப்புரவுப் பணி கொடுப்பதில்லை. எலிக்காய்ச்சலைப் பற்றிய அச்சம் நியாயமானதே. ஆனால் அது பெரும்பாலும் வெளியெலிகளின் சிறுநீரால் பரவுவது. எனவே எலி நுழையாதவாறு நெருக்கமான கம்பிவலை அடித்து, சிந்திய தீனியை மாலையிலேயே கூட்டிவிடுகிறோம். அவ்வலை மலைப்பாம்பையும் தடுக்கும் என்று காவலாளி ஐயா கூறுகிறார். அதனைச் சோதித்துப் பார்க்க நாம் விரும்பவில்லை.

ஆண்டிறுதி விடுமுறையில் மிளகையும் முத்துவையும் வீட்டிற்கு அழைத்துச் செல்ல ஒன்பது குடும்பங்கள் பெயர் கொடுத்துள்ளன. கொட்டகையன்றி வீட்டினுள் நிழலான இடமும், மருந்து தெளிக்காத புல்லும் உள்ள மூன்று வீடுகளைத் தேர்ந்தெடுத்துள்ளோம். தராசும் ஏடும் பிராணிகளோடு செல்லும்.

இக்கட்டுரையை அச்சுக்கு அனுப்பும் வெள்ளிக்கிழமையன்று ஏட்டில் பதிவான எடை: மிளகு 905, முத்து 820. அவ்வெண்களின் கீழே, அடுத்து வளர்க்கப்போகும் வீட்டாருக்கென நான்காம் ஆண்டு மாணவி பென்சிலால் எழுதியிருக்கிறாள்: "கொய்யாவை முதலில் முத்துவுக்குக் கொடுக்கவும். அது தின்னும்வரை மிளகைப் பிடித்துக்கொள்ளவும்."